அம்மாவோடு பார்க்கப் பேய்ப்படம்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அம்மாவோடு இரவில் பார்க்க, இரத்தக்களரி இல்லாத புதிய பேய்ப்படம் கேட்டிருந்தீர்கள். தயங்காமல் 'பூதகாலம்' (2022) பாருங்கள். மலையாளம்தான், ஆனால் நம் ரேவதி இருக்கிறார். அதற்காகவே அம்மா உட்கார்ந்துவிடுவார்.

படுக்கையில் கிடந்த பாட்டி இறந்தபின், மன அழுத்தத்தில் இருக்கும் தாயும் வேலை கிடைக்காத மகனும் அந்த வீட்டில் தனித்து விடப்படுகிறார்கள். மகன் ஏதோ கேட்கிறது என்கிறான், யாரும் நம்புவதில்லை. அந்த நம்பாமைதான் என்னை உலுக்கியது. பேய் கடைசிவரை பெரிதாகக் கண்ணில் படாது, எல்லாம் சிறு ஓசைகள். ஆகவே வெளியே காலி வீதியில் (Galle Road) பஸ் இரைச்சல் அடங்கியபின் தொடங்குங்கள்.

அடுத்தது நெட்ஃபிளிக்ஸில் 'ஹிஸ் ஹவுஸ்' (2020). தென் சூடானிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிய தம்பதியின் கதை. மேசையில் கரண்டியால் சாப்பிடச் சொல்லும் கணவனிடம், உலோகச் சுவைதான் தெரிகிறது என்கிறாள் மனைவி. அகதியாகப் போன உறவுகள் உள்ள நமக்கு அந்த இடம் நெஞ்சை அடைக்கும். படுகொலைக் காட்சி ஒன்று வருகிறது. அம்மா போரை நேரில் கண்டவரென்றால் முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள்.

மம்மூட்டியின் 'பிரமயுகம்' (2024) கறுப்பு வெள்ளையில் அற்புதம், ஆனால் கொஞ்சம் கொடூரமானது.