பெரிய க்ளப் ரிசர்வ் டீமா, லீக் டூ க்ளப்பா? ஒரு அம்மாவுக்கு என் பதில்

அக்கா, உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். ஃபுட்பால் ஆடுற பையனுக்கு 16 ஆச்சு, ஒரு பக்கம் இங்கிலாந்தோட முதல் மட்டமான பிரீமியர் லீக் க்ளப் அகாடமில ஸ்காலர்ஷிப், அதாவது பயிற்சி ஒப்பந்தம், தர்றாங்க, இன்னொரு பக்கம் லீக் டூல, அதாவது அங்க நாலாவது மட்டத்துல, இருக்குற சின்ன க்ளப் கூப்பிடுது, அவங்க அப்பா பெரிய பேர விட்டுடாதன்னு சொல்றார், நீங்க ராத்திரி தூக்கம் இல்லாம ஸ்பெயின்ல பெரிய க்ளப்போட ரிசர்வ் டீமே (ரெண்டாவது டீம், பி டீம்னும் சொல்வாங்க) பெரியவங்க லீக்ல ஆடுதாமே, இங்கிலாந்துலயும் அப்படி வந்துட்டா பெரிய க்ளப்புலயே இருந்துக்கிட்டு பெரியவங்களோட ஆடிடலாமேன்னு கேக்குறீங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அத நம்பி கையெழுத்து போடாதீங்க. 2014ல கிரெக் டைக் எஃப்.ஏ.க்கு, அதாவது இங்கிலாந்து ஃபுட்பால் சங்கத்துக்கு, சேர்மனா இருந்தப்ப இதே யோசனை வந்துச்சு, லீக் டூக்கு கீழ லீக் த்ரீன்னு புதுசா ஒண்ணு, அதுல பெரிய க்ளப்போட பி டீம் பத்து. சின்ன க்ளப்புகளும் ரசிகர்களும் ஒத்துக்கவே இல்ல, கைவிட்டுட்டாங்க. அப்புறம் 2016ல இருந்து கீழ் லீக் க்ளப்புகளோட கோப்பை போட்டியான இ.எஃப்.எல். டிராபில மட்டும் 16 அகாடமி டீம சேத்தாங்க, அதுக்கும் மேட்ச்சுக்கே போகமாட்டோம்னு ரசிகர்கள் புறக்கணிச்சாங்க. குரூப்ல மூணு மேட்ச், தோத்தா அதோட சரி. மூணு மேட்ச வச்சு ஒரு பையன் தொழில் கத்துக்க முடியாது.

வெளிநாட்டு வழி நல்லதில்லன்னு நான் சொல்லமாட்டேன். 2007-08ல புஸ்கெட்ஸும் பெட்ரோவும் பார்சலோனா பி டீம்ல, ஸ்பெயினோட நாலாவது டிவிஷன்ல ஆடிக்கிட்டு இருந்தாங்க, கோச் குவார்டியோலா. 2010 உலகக்கோப்பை ஃபைனல்ல ரெண்டு பேரும் முதல் பதினொண்ணுல இருந்தாங்க. தாமஸ் முல்லர் பயர்ன் மியூனிக் ரெண்டாவது டீம்ல ஜெர்மனியோட மூணாவது லீக்ல ஆடிட்டு மேல வந்தவர். சின்ன ஊர் மைதானம், முப்பது வயசு டிஃபென்டர், ஜெயிச்சே ஆகணும்ங்கற கூட்டம், இது எல்லாம் அவங்களுக்கு அங்கேயே கிடைச்சுது. உண்மைதான்.

ஆனா அந்த ஏணி பாதிலயே நின்னுடும். 1984ல ரியல் மாட்ரிட்டோட ரிசர்வ் டீம் காஸ்டியா ரெண்டாவது டிவிஷன்ல முதலிடம், மேல போக முடியல, ஏன்னா பெரிய டீம் அங்க இருக்கு. 2018ல யோங் அயாக்ஸ் (நெதர்லாந்து க்ளப் அயாக்ஸோட ரிசர்வ் டீம்), 2020ல பயர்ன் ரெண்டாவது டீம், அதே கதை, சாம்பியன் ஆகியும் பிரமோஷன் கிடையாது. மே மாசம் வந்தா எதிர்த்து ஆடுற டீமுக்கு மேல போறது கீழ போறது எல்லாம் இருக்கும், இவங்களுக்கு பாதிதான் இருக்கும். எதுக்கு ஆடுறோம்ங்கறது பையன் மனசுல தெளிவா இருக்கணும் அக்கா, 18 வயசுல அது ரொம்ப முக்கியம்.

இப்ப நான் இந்த ஃபுட்பால் வேலைல இருக்கறதால எனக்கு தெரியிற பக்கத்த சொல்றேன். இங்கிலாந்துல பி டீம லீக்ல சேக்கக்கூடாதுன்னுதான் நான் நினைக்கிறேன், அதுவும் பசங்களுக்காகத்தான். லீக் டூல 24 க்ளப், ஒவ்வொண்ணுலயும் இருபது இருபத்தஞ்சு பேருக்கு சம்பளம். பெரிய அகாடமில இருந்து 18 வயசுல வெளிய அனுப்புற பசங்களுக்கு வேலை குடுக்குறது இந்த க்ளப்புகளும் இதுக்கு கீழ இருக்கறவங்களும்தான். பத்து பி டீம் வந்து உக்காந்தா பத்து க்ளப்போட இடம் போச்சு, அத்தன பேரோட சம்பளமும் போச்சு. பெரிய க்ளப் ஏற்கனவே கான்ட்ராக்ட் போட்ட பசங்களுக்கு அது லாபம், மத்த எல்லா பசங்களுக்கும் கதவு சாத்துற மாதிரி. உங்க பையன் எந்தப் பக்கம் வருவான்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது, பெரும்பாலான பசங்க ரெண்டாவது பக்கம்தான் வர்றாங்க.

நான் பாத்த ஒரு பையன் கதை சொல்றேன். பெரிய அகாடமில எட்டு வருஷம் இருந்தவன், 19 வயசுல லோன்ல (சொந்த க்ளப் கான்ட்ராக்ட் அப்படியே இருக்க, கொஞ்ச நாளைக்கு வேற க்ளப்புக்கு ஆட அனுப்புறது) கீழ் லீக் க்ளப்புக்கு போனான். அண்டர் 21 மேட்ச்ல தோத்தா பஸ்ல எல்லாரும் ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு தூங்கிடுவோம் சார், இங்க முதல் வாரமே ஒரு கார்னர்ல நான் தலைய குடுக்கல, கோல் ஆயிடுச்சு, டிரெஸ்ஸிங் ரூம்ல எங்க கோல்கீப்பர் ஷூ கயித்த அவுத்துக்கிட்டே தலைய தூக்காம, தம்பி ஜெயிச்சா வர்ற போனஸ்லதான் நான் வாடகை கட்டுறேன்னு சொன்னார், அப்படின்னான். அதுக்கப்புறம் ஒரு கார்னர்லயும் நான் ஒதுங்கல சார்னு சொல்லும்போது அவன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. அந்த கோல்கீப்பர் மாதிரி ஒருத்தர் பக்கத்துல உங்க பையன் எப்ப உக்காரப்போறான், அதான் இங்க கேள்வி, சட்டைல எந்த பேட்ஜ்ங்கறது அடுத்த விஷயம்.

ஹாரி கேன் 17 வயசுல லேட்டன் ஓரியன்ட்டுக்கு லோன்ல போய் 18 மேட்ச் ஆடினார், 5 கோல். ஜூட் பெல்லிங்கம் 16 வயசுல பர்மிங்கம் சிட்டி சீனியர் டீம்ல எறங்கிட்டார், அடுத்த வருஷம் ஜெர்மனியோட பெரிய க்ளப் டார்ட்மண்ட். ஒருத்தர் பெரிய க்ளப்ல இருந்து கீழ போனவர், இன்னொருத்தர் கீழ இருந்தே மேல போனவர். ரெண்டு வழியும் இருக்கு, அதனால பெரிய க்ளப்ப வேணாம்னும் நான் சொல்லல.

அந்த பெரிய க்ளப்புக்கு போன் பண்ணி கேளுங்க, கடைசி மூணு வருஷத்துல ஸ்காலர்ஷிப் முடிச்ச பசங்க எத்தன பேருக்கு ப்ரோ கான்ட்ராக்ட் குடுத்தீங்க, அதுல எத்தன பேர் 20 வயசுக்குள்ள பெரியவங்க லீக்ல ஆடினாங்க, லோன்ல போற பசங்கள பாத்துக்க தனியா ஆள் இருக்காங்களா, மாசத்துக்கு எத்தன தடவ நேர்ல போய் பாக்குறாங்க. பேர் சொல்லி பதில் சொன்னா நல்லது, எங்க பாத்வே ரொம்ப நல்லாருக்கும்னு பொதுவா சொன்னா எனக்கு சொல்லுங்க. லீக் டூ க்ளப்ப கேக்க வேண்டியது, போன வருஷம் 18 வயசுக்கு கீழ யாராவது சீனியர் டீம்ல ஆடினாங்களா, எத்தன நிமிஷம். கோச் மாறினா என்ன ஆகும்னும் கேளுங்க, சின்ன க்ளப்ல அது அடிக்கடி நடக்கும், புது ஆளுக்கு பசங்கள ஆட வைக்க தைரியம் இருக்காது.

படிப்ப ரெண்டு எடத்துலயும் விடக்கூடாது. ஸ்காலர்ஷிப் ரெண்டு வருஷம், கூடவே பி.டெக். டிப்ளமா மாதிரி படிப்பு சேந்தே வரும் (நம்ம ஊர் இன்ஜினியரிங் பி.டெக். இல்ல, அது வேற). பையனுக்கு மேத்ஸ் நல்லா வருதுன்னு சொன்னீங்க, அப்ப ஏ லெவல் (நம்ம ஊர் ப்ளஸ் டூ மாதிரி) மேத்ஸ் ஒண்ணாவது கூட எடுக்க விடுவீங்களான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, வாயால சொன்னது சீசன் ஆரம்பிச்சதும் மறந்துடும்.

என்ன கேட்டா, லோன் விஷயத்துல அந்த பெரிய க்ளப் தெளிவா பதில் சொல்லலன்னா நான் லீக் டூ க்ளப்புக்குத்தான் அனுப்புவேன். அவங்க அப்பாகிட்ட நானே பேசுறேன், அவர் கவலையும் நியாயம்தான். பையனையும் கூட உக்கார வையுங்க, இதுவரைக்கும் அவன் என்ன நினைக்கிறான்னு நீங்க எழுதவே இல்ல. பதில் ரெண்டும் வந்ததும் ரெண்டு கான்ட்ராக்ட்டோட காப்பியையும் அனுப்புங்க, கையெழுத்துக்கு முன்னாடி படிச்சு பாத்து சொல்றேன்.