என் ஆச்சி ஒரு பீடித் தொழிலாளி

கேள்வி: மறைந்த உங்கள் அம்மாவையோ பாட்டியையோ நினைத்தால் முதலில் என்ன ஞாபகம் வருகிறது?

பாட்டி என்றதும் எல்லாரும் கைமணத்தையும் கதையையும்தான் சொல்கிறார்கள். என் ஆச்சிக்குச் சமையல் சுமார்தான். அவள் வைக்கும் புளிக்குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கும், இல்லையென்றால் உப்பே இருக்காது. கண் அடுப்பில் இருந்தால்தானே? கதையும் சொன்னதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து நச்சரித்தால், "போய் ஒங்கம்மாட்ட கேளு எய்யா, எனக்கு இன்னும் எரநூறு கெடக்கு" என்பாள். எரநூறு என்றால் இருநூறு பீடி.

எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவள் மடியில் இருந்த சொளவுதான். மூங்கில் முறத்தை எங்கள் பக்கம் சொளவு என்போம். அதன் ஒரு ஓரத்தில் வெட்டிய இலை, நடுவில் புகையிலைத் தூள், இன்னொரு ஓரத்தில் சுற்றி முடித்த பீடி. வெளித் திண்ணையில் சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இப்போது தென்காசி மாவட்டம், 2019 வரை திருநெல்வேலி மாவட்டம். முக்கூடல், கடையம், பாவூர்சத்திரம் என்று அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் திண்ணையில் சொளவோடு நாலு பெண்கள் இருந்த காலம் அது.

பீடி சுற்றுவதைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இலையும் தூளும் கடையில் எடை போட்டுத் தருவார்கள். கடை என்றால் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஏஜெண்டின் இடம். இலை என்றால் தூளை வைத்துச் சுற்றும் தெண்டு இலை, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடை வெயிலில் பறித்து உலர்த்தி வருவது. வரும்போது மொரமொரவென்று இருக்கும், தொட்டால் உடையும். சாயங்காலம் அதை நனைத்துத் தண்ணீரை உதறி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தால் காலையில் துணி மாதிரி வளைந்து கொடுக்கும். அப்புறம் தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டவேண்டும். நரம்பு தடித்த இடம் பீடிக்குள் வந்துவிட்டால் சுற்றும்போது பிளந்துகொள்ளும். அந்த நரம்பைத் தவிர்த்து ஒரு இலையில் எத்தனை துண்டு எடுக்கிறாய் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது. ஆச்சி இலையைக் கையில் எடுத்ததுமே ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். கத்தரி தானாகப் போகும். சின்ன வயதிலிருந்து கத்தரி பிடித்ததில் அவள் வலது கட்டைவிரலில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

வெட்டிய துண்டில் ஒரு சிட்டிகை தூள். அதை நீளவாக்கில் பரப்பி, இரண்டு கை விரல்களுக்கும் நடுவில் ஒரு உருட்டு. ஒரு முனை ஒல்லி, ஒரு முனை அகலம். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. அகலமான முனையைச் சிறிய இரும்புக் குச்சியால் உள்ளே மடக்கிவிட்டால் ஒரு பீடி. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். ஒரு நாளில் ஆயிரம் முடிக்க மற்றவர்களுக்கு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஆகும். ஆச்சி அதற்கு முன்பே முடித்துவிட்டு, முடியாமல் தவிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு கட்டு சுற்றிக் கொடுப்பாள்.

எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் கடிகாரம் உண்டு, ஆனால் அதைப் பார்க்கமாட்டாள். காலையில் திருநெல்வேலி வானொலி, சாயங்காலம் இலங்கை வானொலி. எந்த நிகழ்ச்சி வரும்போது எத்தனை கட்டு முடிந்திருக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. பின்தங்கிவிட்டால் அறிவிப்பாளரைத் திட்டுவாள்.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். குற்றாலத்தில் சாரல் என்று ஊரே கொண்டாடும்போது எங்கள் வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். திறந்தால் தூள் பறந்துவிடும், இலையும் காய்ந்துவிடும். காற்றாடியும் போடக்கூடாது. அந்த வேக்காட்டில், புகையிலை நெடியில் உட்கார்ந்துதான் சுற்றுவாள். இருமிக்கொண்டே சுற்றுவாள். எனக்கு அந்த நெடி இன்றைக்கும் பிடிக்கும் என்று சொன்னால் நண்பர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஆச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா, ஆடத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லையாம். "ஒரு நாளைக்கு எத்தன சுத்துவா?" என்றுதான் கேட்டார்களாம். ஆயிரம் என்றதும் தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். அவளே இதைச் சிரித்துக்கொண்டு சொல்வாள். ஆனால் அடுத்ததாகச் சொல்வதில் சிரிப்பு இருக்காது. கல்யாணமாகி வந்தபிறகு பல வருஷம் அவள் சுற்றியதெல்லாம் மாமியார் பெயரில் இருந்த, கடையில் பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தில் ஏறியது. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் 1966லேயே வந்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளிதான் என்று அந்தச் சட்டம் சொன்னது. 1977இல் பீடித் தொழிலுக்கு பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியும் வந்தது. ஆனால் சட்டம் யாரைத் தொழிலாளி என்று பார்க்கும்? புத்தகத்தில் பெயர் இருக்கிறவரைத்தான். மூன்று பேர் சுற்றும் வீட்டுக்கு ஒரு புத்தகம் இருந்தால் ஏஜெண்டுக்கும் செலவு மிச்சம். சங்கத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கடை வாசலில் போய் நின்றுதான் ஆச்சி தன் பெயருக்குப் புத்தகம் வாங்கினாள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "தனிப் புத்தகம் கேக்கா, நாளைக்கித் தனிக் குடித்தனம் கேப்பா" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அதையும் கேட்டு வாங்கினாள் என்பது வேறு விஷயம்.

கடையில் பீடியைப் பார்த்து வாங்குகிறவரிடம் அவள் போட்ட சண்டைகள் எங்கள் தெருவில் பிரசித்தம். தளர்வாக இருக்கிறது, நீளம் குறைகிறது என்று கைநிறைய எடுத்துக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. இலை மோசமாக வந்தால் ஆயிரத்துக்கு ஆயிரம் தேறாது. குறையும் இலையைக் கைக்காசு போட்டு வெளியில் வாங்கித்தான் கணக்கைக் கட்டவேண்டும். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அவர் ஒரு கட்டையே தூக்கி ஓரத்தில் போட்டார். ஆச்சி எதுவும் பேசவில்லை. அவர் கொடுத்த இலையிலேயே ஒன்றை எடுத்து வெட்டி, ஒரு சிட்டிகை தூளோடு அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"நீங்க ஒண்ணு சுத்திக் காட்டுங்க அண்ணாச்சி. அத மாதிரியே மிச்சத்தச் சுத்தித் தாறேன்."

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அவர் கட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். மறுவாரம் எங்களுக்குத் தந்த இலை படுமோசம் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் ஆச்சியைச் சொல்ல முடியாது. மகள் சொளவைத் தூக்கக்கூடாது என்று ஆச்சி பிடிவாதமாக இருந்தாள். பீடித் தொழிலாளர் நலநிதிக்கான சட்டம் 1976இல் வந்தது. தொழிலாளியின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை அதிலிருந்துதான் வந்தது. அதற்குத் தொழிலாளி என்ற அட்டை வேண்டியிருந்தது. தனிப் புத்தகத்துக்கு ஆச்சி அவ்வளவு மல்லுக்கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்து டீச்சரானார். ஆனால் இதை ஒரு தியாகக் கதையாக எழுதினால் அம்மாவே ஒத்துக்கொள்ளமாட்டார். சொளவைத் தொடக்கூடாது என்ற ஆச்சிதான், தினமும் ராத்திரி வீட்டுப்பாடம் எழுதவிடாமல் மகளுக்கு முன்னால் பீடியைக் குவித்து முனை மடக்கச் சொன்னவள். பிள்ளைகளின் விரல் சின்னது, அந்த வேலை வேகமாக ஓடும். அம்மாவின் விரலில் அந்த நெடி போகாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்ததை இன்றைக்கும் கோபத்தோடு சொல்வார். ஆச்சியிடமே சொல்லிச் சண்டை போட்டிருக்கிறார். "மடக்குனதாலதான் ஒனக்கு டிரெயினிங் பீஸ் கட்டுனேன்" என்பாள் ஆச்சி. இரண்டு பேர் சொல்வதும் சரிதான், என்ன செய்ய?

தாத்தா பீடி குடிப்பார். காசு கொடுத்து வாங்கமாட்டார், வீட்டில் மிஞ்சுவதையும் தேறாததையும் குடிப்பார். கடைசியில் நெஞ்சுச் சளி, இருமல், மூச்சுவாங்கல் என்று இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஆச்சி இலை நனைத்துவிட்டாள். அத்தை ஒருத்தி, "அவரக் கொண்டுபோன சாமானத் தொட எப்படி மதினி மனசு வருது?" என்று கேட்டாள். "இத்தன நாளும் சோறு எதுல வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள் ஆச்சி.

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. 2009இல் பீடிக் கட்டுமேல் நுரையீரல் படம் போட ஆரம்பித்தபோது நான் ஒரு கட்டைக் கொண்டுவந்து காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒங்க தாத்தாவுக்கும் இப்பிடித்தான் படம் எடுத்தாங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பீடி ஒழியவேண்டிய பொருள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சுற்றியவர்கள் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பொது இடத்தில் புகைக்கத் தடை, படம், 2017இல் 28 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாக வந்தது. வாரத்தில் நாலு நாள், மூன்று நாள் என்று வேலை சுருங்கியபோது ஆச்சியின் வயதுக்காரிகளுக்கு வேறு எந்தத் தொழிலும் தெரியாது.

பென்ஷன் என்று ஒன்று வந்தது. 1995ஆம் வருஷத் திட்டத்தில் பத்து வருஷக் கணக்கு இருந்தால்தான் கிடைக்கும். மாமியார் புத்தகத்தில் போன வருஷங்கள் போனதுதான், சொந்தப் புத்தகத்தில் இருந்ததை வைத்துத் தட்டுத்தடுமாறித் தேறினாள். குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று 2014இல் ஆக்கினார்கள். இந்த ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்றியிருப்பேன் தெரியுமா என்று கேட்பாள். கணக்குப் போட எனக்கே தலை சுற்றும்.

அந்தப் பென்ஷனுக்கு வருஷாவருஷம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கவேண்டும். கைரேகை வைக்கும் இடத்துக்கு நான்தான் கூட்டிப்போவேன். ரேகை விழாது. அத்தனை வருஷம் இலையும் நூலும் உரசி விரல்நுனி வழவழவென்று ஆகிவிட்டது. அங்கிருந்த தம்பி துணியால் துடைத்துப் பார்ப்பான், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பான், மெஷின் சிவப்பு விளக்கையே காட்டும். "ரேகை தேயிற அளவுக்கு ஒழச்சவளுக்குத்தானய்யா பென்ஷன் குடுக்கணும்? இது என்ன, ரேகை இருக்கவனுக்குக் குடுக்கு?" என்று அவனிடம் கேட்டாள். அவன் பாவம், சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். அப்புறம் கண்ணை வைத்து எடுத்தான், அது விழுந்தது.

கொரோனாவெல்லாம் தாண்டி, போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டாள். துட்டிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பழைய பீடிக்காரிகள். ஒப்பாரியிலேயே கடைக்காரரோடு அவள் போட்ட சண்டையை ஒருத்தி எடுத்துப் பாடினாள், அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இறப்பைப் பதிவு செய்யப் போனபோது படிவத்தில் தொழில் என்று ஒரு இடம் இருந்தது. எழுதுகிறவர் கேட்டார். மாமா, "வீட்ல சும்மாதான் சார் இருந்தாங்க, அப்பப்ப பீடி சுத்துவாங்க" என்றார். மாமா கெட்டவர் இல்லை, அவர் காலேஜ் பீஸும் அந்தச் சொளவிலிருந்து போனதுதான். சட்டென்று வாயில் வந்தது அது. அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வந்து, டீச்சர் குரலில், "பீடித் தொழிலாளின்னு எழுதுங்க. புத்தகம் இருக்கு, கொண்டாரவா?" என்றார். எழுதுகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.