ஹெச். பைலோரியும் நாள்பட்ட இரைப்பை அழற்சியும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எண்டோஸ்கோப்பியில் 'கேஸ்ட்ரைட்டிஸ், ஹெச். பைலோரி பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. காரம் அதிகம் சாப்பிட்டதாலா?

பதில்: இல்லை. கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி, ஹெச். பைலோரி அதை உண்டாக்கும் பாக்டீரியாக் கிருமி. காரம் எரிச்சலைக் கூட்டும், கிருமியைக் கொண்டுவராது. இது பெரும்பாலும் சிறு வயதிலேயே, கூட இருப்பவர்களிடமிருந்து தொற்றுகிறது. யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் தங்கிவிடும். உடலின் எதிர்ப்புச் செல்கள் திரண்டு வந்தாலும் அதை ஒழிக்க முடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் நீளும் அந்த வீக்கமே நாள்பட்ட அழற்சி.

அழற்சி எந்த இடத்தில் என்பதை ரிப்போர்ட்டில் கட்டாயம் பாருங்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் என்றால் அமிலம் கூடி, முன்சிறுகுடலில் புண் வரலாம். நடுப்பகுதிக்கும் பரவினால் சுரப்பிகள் தேய்ந்து அமிலம் குறையும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை போகும். 1994-லேயே இக்கிருமி புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியானவற்றில், சேர்க்கப்பட்டது.

கேள்வி: அமிலத்தைக் குறைக்க தினமும் பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறேன் சார். மூச்சுப் பரிசோதனை நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இந்த ரிசல்ட்டை நம்பாதீர்கள். அந்த மாத்திரை கிருமியை அடக்கிவைக்கும், கொல்லாது. மாத்திரையை 2 வாரம், ஆன்டிபயாடிக்கை 4 வாரம் நிறுத்திய பிறகே மூச்சிலோ மலத்திலோ பார்க்க வேண்டும். ரத்தக்கசிவு வந்தவர்களும் ஆஸ்பிரின் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதம்), கிருமி போன பிறகும் நெடுநாள் பாசிட்டிவாகவே காட்டும். குணமானதா என்று அறிய அது உதவாது.

கேள்வி: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், ஒமிப்ரசோல் என்று 14 நாளுக்குக் கொடுத்தார்கள். 5 நாளில் எரிச்சல் போய்விட்டது. மலம் கறுப்பாகிறது, பயமாக இருக்கிறது. நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள். எரிச்சலைக் குறைத்தது அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல். கிருமி இன்னும் இருக்கும். பாதியில் விட்டால் மிஞ்சும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஒமிப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடுங்கள். டெட்ராசைக்ளினைப் பால், தயிர், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தால் உடலில் ஏறாது. 2 மணி நேர இடைவெளி விடுங்கள். மது கூடவே கூடாது. கறுப்பு பிஸ்மத்தால் வருவது. தார் போல் பிசுபிசுத்து நாறினால், தலைசுற்றலும் சேர்ந்தால், அது ரத்தமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடித்தும் மறுபடி பாசிட்டிவ். அதையே திரும்ப எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மருந்தை எதிர்க்கும் கிருமிதான் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். கிளாரித்ரோமைசின் இல்லாத, பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறையைக் கேளுங்கள். முன்பு எடுத்த எல்லா ஆன்டிபயாடிக்கின் சீட்டையும் கொண்டுபோங்கள். முடித்து 4 வாரம் கழித்து மறுபரிசோதனை கட்டாயம்.

கேள்வி: கிருமி இல்லை, ஆனால் பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) அழற்சி?

பதில்: வலி மாத்திரை, பித்தநீர் மேலேறுவது, உடலே தன் சுரப்பியைத் தாக்குவது எனக் காரணங்கள் உண்டு. கடைசியாகச் சொன்னதில் பி12 குறையும், அதையும் பாருங்கள்.