பழகிய கட்டடத்திலேயே வழி தவறுகிறதே, மூளையில் ஏதும் கோளாறா?

நாலு பேர் கேலி செய்த பிறகுதான் இங்கே கேட்டிருப்பீர்கள். நானும் உங்கள் கட்சி.

அப்பாவை மருத்துவமனையில் சேர்த்து மூன்றாம் நாள். மாத்திரை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். அதற்கு முன்னும் பின்னும் கதவு. அன்று பின்கதவு திறந்தது, நான் பில்லைச் சரிபார்த்தபடியே இறங்கி, வழக்கம்போல இடப்பக்கம் திரும்பி, நாலாவது கதவைத் தள்ளி, ஸ்டூலில் பையை வைத்து "அப்பா, மாத்திரை" என்றேன். போர்வையை விலக்கிப் பார்த்தது யாரோ ஒரு பாட்டி.

வெளியே ஓடிவந்து நடையின் கோடியில் இருந்த ஜன்னலைப் பார்த்தால், இடப்பக்கம் இருக்க வேண்டிய தண்ணீர்த் தொட்டி வலப்பக்கம். அந்த நொடியில் கட்டடமே என்னைச் சுற்றித் திரும்பி உட்கார்ந்தது போல இருந்தது.

அப்புறம் தேடிப் படித்தேன். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்கிற பகுதியில் இடத்தை அறியும் செல்களை ஜான் ஓ'கீஃப் என்ற ஆய்வாளர் 1971இல் எலிகளிடம் கண்டார். பக்கத்துப் பகுதியில் அறுகோண வலை போல இடத்தை அளக்கும் செல்களை 2005இல் மோசர் என்ற ஆய்வாளர் தம்பதி கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல். தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் செல்கள் தனி. அவை உள்காது சொல்லும் திருப்பங்களை வைத்துக் கணக்குப் போடும், கண்ணில் படும் அடையாளத்தை வைத்துத் திருத்திக்கொள்ளும். சுவரில் ஒட்டிய அட்டையை நகர்த்தினால் எலியின் திசையும் கூடவே நகர்கிறது. என் தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான்.

இந்தச் செல்கள் எல்லாம் சேர்ந்து மூளைக்குள் போடுவது ஒரு வரைபடம். ஆனால் "இறங்கினால் இடது, நாலாவது கதவு" என்பது வரைபடமே இல்லை, வெறும் பழக்கம். அது ஸ்ட்ரையேட்டம் என்கிற வேறு பகுதியின் வேலை. சிலர் வரைபடத்தை நம்புகிறோம், சிலர் பழக்கத்தை. தொடங்கும் இடம் மாறினால் பழக்கம் கவிழ்த்துவிடும்.

டாக்டர்கள் சண்டைக்கு வராதீர்கள், நான் கணக்கு எழுதும் ஆள். சிறு வயதிலிருந்தே இப்படி என்றால் பயப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். திடீரென்று ஆரம்பித்திருந்தால் கண்டிப்பாக மருத்துவரைப் பாருங்கள்: அல்சைமர் என்கிற மறதி நோய் முதலில் தாக்கும் இடங்களில் அந்த வலைச் செல்கள் உள்ள பகுதியும் ஒன்று. "எல்லாம் செல்போன் மேப்பால் வந்த வினை" என்று எழுதப்போகிறவர்களுக்கு: என் போன் சார்ஜ் தீர்ந்து அப்பாவின் தலையணைக்கு அடியில் கிடந்தது.

உண்மையான குற்றவாளி, லிஃப்டுக்கு எதிரே மாட்டியிருந்த "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" பலகை. நாம் தெற்கே பார்த்து நிற்கிறோம், படத்தில் மேலே வடக்கு. எதிரே இருப்பதுதானே படத்தில் மேலே இருக்க வேண்டும்? புகார்ப் பெட்டியில் எழுதிப் போட்டேன். அடுத்த மாதம் போனபோது பலகைக்குப் புது ஃப்ரேம் போட்டிருந்தார்கள். படம் அப்படியே.