தவக்காலத்தில் பிக் மட்ச் பார்க்கலாமா?

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் கிரிக்கெட், பாட்டு என்று இருந்தால் செபத்துக்குரிய நேரத்தைத் திருடுவது போலக் குற்ற உணர்வு வருகிறது, எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். மணிக்கணக்கு பார்ப்பதை விட்டுவிடுங்கள் என்பேன். வீட்டில் ஒருவர் கூப்பிட்டால், கோயில் மணி அடித்தால், கையில் இருப்பதைச் சட்டென்று வைத்துவிட்டு எழும்ப முடிகிறதா? அதை மட்டும் பாருங்கள்.

சட்டத்தால் அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கூழே சாட்சி. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது, மீனுக்குத் தடையில்லை. சரி என்று ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கு மா) கரைத்து, நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் போட்டு ஒரு பெரிய பானையில் காய்ச்சி, சொந்தக்காரர் சூழ இருந்து பிளாவில் (பனையோலைக் குவளையில்) ஊற்றிக் குடித்தாலும் சட்டப்படி அது ஒறுத்தல்தான்! ஒரு துண்டுக் கோழி தின்றவனைவிட நாங்கள்தான் அன்று நன்றாக அனுபவித்திருப்போம். கூழை விடச் சொல்லவில்லை, எனக்கு அது உயிர். அதைக் குடித்துவிட்டு நோன்பு இருந்ததாக நினைக்காமல் இருந்தால் போதும்.

நீங்கள் கேட்ட பிக் மட்ச், அதாவது ‘வடக்கின் பெரும் போர்’ என்கிற பள்ளிக்கூடக் கிரிக்கெட் போட்டியும் வழக்கமாக மார்ச்சில், தவக்காலத்துக்குள்தான் வரும். 1904 இல் தொடங்கிய இந்தக் கிரிக்கெட்டில் மோதும் இரண்டு பள்ளிக்கூடங்களுமே மிஷனரிமார் தொடங்கியவை: 1816 இல் மத்திய கல்லூரி, 1823 இல் சென். ஜோன்ஸ். பாண்ட் சத்தத்துக்கு ஆடிய பெடியன் ஞாயிறு பாடகர் குழுவில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்துக் கரையோரம் குருநகர், பாசையூர்ப் பக்கம் தென்மோடிக் கூத்தை, எங்கள் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த நாடகத்தை, பாருங்கள். எஸ்தாக்கியார் போன்ற புனிதரின் கதையை அண்ணாவியார் (கூத்து ஆசிரியர்) பழக்க, வேலை முடிந்து வந்த ஆட்கள் இரவிரவாகப் பாடி ஆடுவார்கள். இது பொழுதுபோக்கா பக்தியா? ஆடுகிறவரிடம் கேட்டால் சிரிப்பார். மரியசேவியர் அடிகள் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றமும் இயேசுவின் பாடுகளை மேடை நாடகமாகத்தான் சனங்களிடம் கொண்டுவந்தது.

நாம் அனுபவிக்கவே கடவுள் எல்லாவற்றையும் நிறைவாகத் தருகிறார் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆனால் செல்வத்தில் நம்பிக்கை வைக்காதே என்ற அதே வசனத்தின் கடைசியில்தான் அது வருகிறது (1 திமொ 6:17). அனுபவி, ஆனால் அதில் தொங்காதே என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்னைத் தொங்க வைப்பது கிரிக்கெட் இல்லை, போன். செபமாலைக்குக் கூப்பிடும்போது ‘இந்தா வாறன்’ என்று சொல்லிக்கொண்டே இன்னொரு வீடியோவைத் தட்டுகிற கை அது. ஆகவே தவக்காலத்தில் இரவில் போனைத்தான் பூட்டி வைக்கிறேன், மட்சை அல்ல. நீங்கள் எதை விடலாம் என்று பாதரிடம் கேட்க முதல் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் யோசிக்காமலே சொல்வார்கள்.