பூண்டு ஊறிய எண்ணெயை முதலில் கொட்டிவிடுங்கள்

கேள்வி: ராமென் நூடுல்ஸில் கடைசியாக ஊற்றும் ஜப்பானிய வாசனை எண்ணெயை வீட்டில் செய்து பார்த்தேன். நல்லெண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டு, வெங்காயத்தாள், மிளகாய்த்தூள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினேன். கசக்கிறது. கடையில் சாப்பிட்டபோது வந்த வாசனையும் இல்லை. பத்து நாளாக அலமாரியில்தான் இருக்கிறது, பூண்டு அடியில் தங்கியிருக்கிறது. வீணாக்காமல் பொரியலுக்குப் பயன்படுத்தலாமா? சரியாக வந்தால் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்ப ஆசை. (கோவை வாசகி)

பதில்: அந்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்வது, இன்னொரு முறை சூடு பண்ணிச் சேர்ப்பது எதுவும் வேண்டாம். கசப்பு, வாசனை எல்லாம் அப்புறம் பேசலாம்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கும் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். தண்ணீர் கொதிக்கும் சூட்டில் அந்த வித்துகள் சாவதில்லை. 121 டிகிரி வரை போனால்தான் அழியும். ஈரம் உள்ள பூண்டு எண்ணெய்க்குள் இருக்கும்போது வெப்பம் அந்த ஈரத்தைத் தாண்டி உள்ளே ஏறுவதில்லை. ஆறிய பிறகோ, காற்று படாத, ஈரமான, புளிப்பில்லாத இடம் அதற்குக் கிடைத்துவிடுகிறது. அது விரும்புவது இதைத்தான். அது உண்டாக்கும் நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டைச் சாப்பிட்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானின் குமாமோட்டோவில், கடுகு அடைத்த தாமரைத் தண்டைக் காற்று புகாத உறையில் விற்றதால் இதே நஞ்சு பரவி 11 பேர் இறந்தார்கள்.

‘எங்கள் வீட்டுப் பூண்டு ஊறுகாய் மாதக்கணக்கில் எண்ணெயில்தானே மிதக்கிறது’ என்று கேட்பீர்கள். ஊறுகாயில் புளியோ எலுமிச்சையோ இருக்கிறது, கையளவு உப்பும் இருக்கிறது. அந்தப் புளிப்புதான் காப்பாற்றுகிறது. வாசனை எண்ணெயில் இரண்டுமே இல்லை.

சரி, இனி வாசனைக்கு வருவோம். ஜப்பானியச் சமையலறையில் இதை ‘கோமி-அபுரா’ என்பார்கள், நறுமண எண்ணெய் என்று பொருள். ராமென் கிண்ணத்தில் உப்புச் சுவையைத் தருவது அடியில் ஊற்றும் ‘தாரே’ என்ற சாறு. கனத்தைத் தருவது சூப். எண்ணெயின் வேலை மூக்கோடு மட்டும்தான். எண்ணெய் வாசனையையும் மிளகாயின் காரத்தையும் நிறத்தையும் இழுத்துக்கொள்ளும். உப்பையும் உமாமி என்ற ஐந்தாவது சுவையையும் இழுக்காது, அவை தண்ணீரில்தான் கரையும். கட்சுவோபுஷியை (கருவாடாக்கிச் சீவிய சூரை மீன்) எண்ணெயில் எவ்வளவு நேரம் போட்டாலும் அதன் ருசி வராது, புகைமணம் மட்டும் வரும். அதனால் எண்ணெயை மட்டும் நாக்கில் வைத்துப் பார்த்து ‘ஒன்றுமே இல்லையே’ என்று மேலும் மேலும் காய்ச்சாதீர்கள். சோயா சாஸ் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், அதே எண்ணெய் எழுந்து நிற்கும். நம் தாளிப்பும் இப்படித்தான், சாம்பாரின் மேல் கொட்டினால்தான் அதற்கு அர்த்தம்.

அடுத்தது நல்லெண்ணெய். நம் செக்கில் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு ஆட்டுகிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் எள்ளை நன்றாக வறுத்துவிட்டுப் பிழிகிறார்கள், பழுப்பாக இருக்கும். கடையில் நீங்கள் முகர்ந்தது அந்த வறுபட்ட வாசனை. நல்லெண்ணெயைக் காய்ச்சி அதைக் கொண்டுவர முடியாது. வறுத்த எள்ளெண்ணெய் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மூன்று மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்து, 100 மி.லி. தவிட்டெண்ணெயில் மிகச் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து, ஒரு ராத்திரி விட்டு வடிகட்டுங்கள். தவிட்டெண்ணெய் தனக்கென்று வாசனை காட்டாது. ஜப்பானிலும் ‘கோமே-அபுரா’ என்ற பெயரில் புழங்குவதுதான்.

முதலில் செய்யப் பழக வேண்டியது ‘நெகி-அபுரா’, அதாவது வெங்காயத்தாள் எண்ணெய். 100 மி.லி. தவிட்டெண்ணெய், ஐம்பது கிராம் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, தோலோடு சீவிய இஞ்சி மூன்று துண்டு. தாளைக் கழுவித் துணியில் ஈரம் போக ஒற்றி, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பொடியாக நறுக்கினால் ஓரம் கருகும், நடு வேகாது. குளிர்ந்த எண்ணெயிலேயே போட்டு, சின்ன பர்னரில் சிறு தீயில் ஏற்றுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் துண்டுகளைச் சுற்றிப் பெரிய குமிழ்கள் கிளம்பும், அதுதான் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேறுவது. குமிழ் இருக்கும்வரை சூடு நூறுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும், பயமில்லை. இருபது நிமிடம் வாக்கில் குமிழ் சிறுத்து, சலசலப்பு அடங்கி, தாள் சுருங்கி வைக்கோல் நிறம் ஆகும். இனிமேல் நகரக் கூடாது. சத்தம் நின்ற பிறகு சூடு கடகடவென்று ஏறும். நீங்கள் நினைக்கும் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அடுப்பை அணைத்து உடனே வடிகட்டுங்கள், எண்ணெயின் சூடே மீதி வேலையைச் செய்துவிடும். உங்களுக்குக் கசந்ததற்குக் காரணம் இங்கேதான்: பொடிப் பூண்டு இரண்டு நிமிடத்தில் சிவந்துவிட்டது, தாள் இன்னும் ஈரமாக இருந்தது, அதற்காகக் காத்திருந்ததில் பூண்டும் மிளகாய்த்தூளும் கருகிவிட்டன.

மிளகாய் எண்ணெயான ‘ராயு’வுக்கு அந்த வடித்த எண்ணெயே அடிப்படை. ஆழமான எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி கொரகொரப்பான மிளகாய்த்தூளைப் போட்டு, இரண்டு டீஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். ஈரம் இருக்கும்வரை தூள் கருகாது, ஜப்பானிய வீடுகளிலும் செய்கிற உபாயம் இது. எண்ணெயை 160, 170 டிகிரிக்கு ஏற்றுங்கள். உலர்ந்த மரக்குச்சியை விட்டால் சுற்றிலும் நுண்குமிழ் விறுவிறுவென்று வர வேண்டும். அதை மூன்று தவணையாக, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். பொங்கி எழும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம். ஆறியதும் வறுத்த எள்ளெண்ணெய் இரண்டு கரண்டி. நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாயும் காரத்துக்குக் குண்டு மிளகாயும் பாதிப் பாதி போட்டால் எனக்குத் திருப்தியாக வருகிறது.

2009இல் மோமோயா நிறுவனம் ஜப்பானில் கொண்டுவந்த, பொரித்த பூண்டும் வெங்காயமும் நிறைந்த ராயு கடைகளில் நிற்காமல் விற்றது. ‘தாபேரு ராயு’, அதாவது அள்ளிச் சாப்பிடும் ராயு என்ற வகையே அதிலிருந்துதான் பிரபலமானது. அதைச் செய்ய நினைத்தால் பூண்டைத் தனியாக மொறுமொறுவென்று பொரித்து, ஆறிய எண்ணெயில் கடைசியாகச் சேருங்கள். குமாமோட்டோ ராமெனின் ‘மாயு’ வேறு கதை. அதில் பூண்டை வேண்டுமென்றே கருக்கி, எள்ளெண்ணெயோடு அரைக்கிறார்கள். கெட்டியான பன்றி எலும்பு சூப்பில் அரைக் கரண்டி விட்டால் அந்தக் கசப்பு அழகாகப் பொருந்தும். காய்கறி சூப்புக்குத் தாங்காது.

நெத்திலியில் செய்வது ‘நிபோஷி’ எண்ணெய். ஜப்பானில் அதை வேகவைத்துக் காயவைக்கிறார்கள், நம் கருவாடு உப்பிட்டது, மணம் மாறும். எதுவானாலும் தலையையும் வயிற்றையும் கிள்ளிவிடுங்கள், கசப்பு அங்கேதான். எண்ணெய் கொதிக்கவே கூடாது.

எதில் ஊற்றுவது? அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எதிலும். பொரிக்க, வதக்கப் பயன்படுத்தினால் அரும்பாடுபட்டுச் சேர்த்த வாசனை ஆவியாகப் போய்விடும். எளிதான சாப்பாடு ஒன்று சொல்கிறேன். கிண்ணத்தின் அடியில் சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, வெங்காயத்தாள் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு டீஸ்பூன். வெந்த நூடுல்ஸை நீர் வடித்துச் சூடாக அதில் போட்டு அடியிலிருந்து புரட்டுங்கள். சூப் இல்லாத ‘அபுரா-சோபா’ இந்த வழியில் வந்ததுதான். குளிர்ந்த டோஃபு, கியோசாவுக்கு (மோமோ போன்ற ஜப்பானியக் கொழுக்கட்டை) தொட்டுக்கொள்ளும் சோயா-வினிகர், அரைவேக்காட்டு முட்டை, சுடுசோறு எல்லாவற்றுக்கும் ராயு நாலு சொட்டு போதும்.

பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், தண்ணீர் எது சேர்ந்தாலும் வடிகட்டி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளில் முடித்துவிடுங்கள். அதனால்தான் 100 மி.லி. அளவு சொன்னேன். மிச்சமிருந்தால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு கட்டி ஒரு கிண்ணத்துக்குச் சரியாக இருக்கும்.

மகளுக்குக் கொடுத்தனுப்ப முழுக்க உலர்ந்த ராயு மட்டும் செய்யுங்கள். வெறும் எண்ணெயைக் காய்ச்சி, தூளைத் தண்ணீருக்குப் பதில் ஆறிய எண்ணெயில் குழைத்து, வறுத்த எள்ளும் அன்னாசிப்பூ ஒன்றும் போட்டு, 140 டிகிரிக்குமேல் போகாமல் ஊற்றுங்கள். காயவைத்த சிறு பாட்டிலில் நிரப்பி, ஈரக் கரண்டி போடக் கூடாது என்று சீட்டு ஒட்டி அனுப்புங்கள். வெயில் படாத இடத்தில் ஒரு மாதம் தாங்கும். பூண்டு வேண்டும் என்று கேட்டால், லீவுக்கு வரும்போது வீட்டிலேயே செய்து கொடுங்கள்.