தம்பி பேரில் ஒரு கட்டடம்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணி மேற்பார்வை செய்தார். இப்போது கோட்டையூரில் வசிக்கிறார்.)

கேள்வி: என் தம்பி குடியாலேயே போய்விட்டான். 43 வயது. அவன் பேரில் தேவகோட்டையில் ஒரு குடிநோய் சிகிச்சை மையம் கட்ட 40 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். டாக்டருக்குப் படிக்கும் மருமகன், “கட்டடம் வேண்டாம் மாமா, ஆராய்ச்சிக்குக் கொடுங்க” என்கிறார். மருந்தெல்லாம் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டதே, இன்னும் என்ன ஆராய்ச்சி?
– சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அண்ணே, தம்பியைப் பறிகொடுத்த வீட்டில் கணக்குப் பேச எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டீர்கள். உங்கள் மருமகன் சொல்வது முக்கால்வாசி சரி.

மருந்து இருக்கிறது, கொடுக்க ஆளில்லை. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெரிய ஊர்களில்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. குடி நோயாக முற்றியவர்களில் நூற்றுக்கு 86 பேர் சிகிச்சைக்குள் வரவே இல்லை என்று அதில் தெரிந்தது. நீங்கள் பத்துப் படுக்கை போட்டுவிட்டால் அந்த 86 பேரும் வந்து படுத்துவிடுவார்களா? தனக்கு நோய் இருப்பதாகவே அவர்களில் பலர் நினைப்பதில்லை. நினைப்பவரும், ‘அந்தக் கட்டடத்துக்குள் போறதை ஊர்க்காரன் பார்த்தா என்ன ஆகும்’ என்று தெருமுனையோடு திரும்பிவிடுவார். நான் பார்த்த குடும்பங்களில் இன்னொன்றும் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆண்களுக்கு உண்டு. நோயாளி புருஷன். கூட வரும் மனைவி இலவசமாக வந்துவிடுவாள், அவனுடைய டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்காது. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவோம்.

ஆராய்ச்சி என்றதும் வெள்ளை எலியும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வரும். உங்கள் மருமகன் சொல்வது அதை அல்ல என்று நினைக்கிறேன். டாக்டர் இல்லாத ஊரில் யார் உட்கார்ந்து பேசுவது, எங்கே வைத்துப் பேசுவது, எத்தனை தடவை, தலைக்கு எவ்வளவு செலவு, கடைசியில் குணம் தெரிந்ததா? இதையெல்லாம் கணக்கு வைத்துச் சோதித்துப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான்.

கோவாவில் செய்து பார்த்தார்கள். டாக்டர் விக்ரம் படேலும் கூட்டாளிகளும் 1996இல் தொடங்கிய ‘சங்கத்’ அமைப்பு, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், அபாய அளவில் குடிக்கும் 377 ஆண்களை எடுத்துக்கொண்டது. பாதிப் பேரிடம், பள்ளிப் படிப்பு முடித்து இதற்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் அதிகபட்சம் 4 தடவை உட்கார்ந்து பேசினார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பை மட்டும் கொஞ்சம் மேம்படுத்திக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், பேசிய பக்கம் 100க்கு 36 பேர் அபாய அளவுக்குக் கீழே வந்திருந்தார்கள், மறுபக்கம் 26 பேர். லண்டன் வெல்கம் டிரஸ்ட் பணம் கொடுத்தது, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

பத்துப் பேர்தானா என்று கேட்பீர்கள். டாக்டர் ஒருவரும் உட்காராமல், நாலே சந்திப்பில் பத்துப் பேர் கூடுதலாகத் தேறியிருக்கிறார்கள் அண்ணே. ஆனால் அதே ஆய்வில், மனைவியை அடிப்பதில் இந்தப் பேச்சால் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். எனக்கு இந்த வகை வேலையில் பிடித்ததே இதுதான். கட்டடத்து வாசலில் வைக்கிற கல்வெட்டில் பலிக்காததை யாரும் வெட்டிவைப்பதில்லை.

நம் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலாளி இங்கே கானாடுகாத்தானில் இருப்பார். ரங்கூன் கடையை மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் ஓட்டினார்கள். பையன் தேறித் தேறி மேலே வந்தான், பேரேடு தவறாமல் ஊருக்கு வந்தது. மனநலத்திலும் அந்த ஏற்பாடுதான் வேண்டும். பேசும் வேலையைப் பயிற்சி பெற்றவர் பார்க்கட்டும், மேற்பார்வையையும் சிக்கலான நோயாளியையும் டாக்டர் பார்க்கட்டும். பேரேடு எழுதத்தான் ஆராய்ச்சிப் பணம்.

மருமகன் சொன்னதில் மீதிக் கால்வாசிக்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் குடிக்காவிட்டால் கை நடுங்கும் அளவுக்குப் போனவர்களைக் கோவா ஆய்வு எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு நாலு பேச்சு போதாது. படுக்கையும் டாக்டரும் வேண்டும். அதற்கும் பெரிய கட்டடம் கட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. சென்னையில் 1980இல் டி.டி.கே. குடிநோய் மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, ஊரிலேயே வைத்துக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்துக் காட்டினார்.

இந்த வேலைக்கு உலகத்தில் பணம் எப்படிப் பிரிகிறது என்று 2020இல் வந்த ஓர் அறிக்கை கணக்குப் போட்டிருந்தது. மனநல ஆராய்ச்சிக்கு ஆண்டுக்கு சுமார் 370 கோடி டாலர். அதில் நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்தது 100க்கு இரண்டரைகூட இல்லை. ஜனத்தொகையில் பெரும்பங்கு நம் பக்கம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் காரைக்குடிக்குச் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. நேரு 1948 ஜூலையில் அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறந்தார்கள். அன்றைக்குப் பதினைந்து லட்சம் என்ன மதிப்பு! கொடுத்த நாளில் கையில் எந்தக் கண்டுபிடிப்பும் இல்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். 40 லட்சத்தில் பெரிய ஆய்வு நடத்த முடியாது. ஏற்கெனவே இந்த வேலையில் இருக்கிற நிறுவனத்தோடு சேருங்கள். தேவகோட்டை, கல்லல் வட்டாரத்தில் நாலைந்து பேருக்குப் பயிற்சி, ஒரு மேற்பார்வையாளர், கணக்கு எழுத ஒருவர், ஆக மூன்று வருஷச் சம்பளம் என்று பேசிப் பாருங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவுள்ள அமைப்புதான் வாங்கமுடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளைக் கணக்கு வழியாக. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. ‘சென்னைக்காரர்களிடம் கொடுத்தால் அவர்கள் நம்ம ஊர் டிரஸ்ட்டுக்குக் கொடுப்பார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆடிட்டரைப் பாருங்கள்.

தம்பி பேரைத் திட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தடையில்லை.

*

கேள்வி: ஆராய்ச்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் மகனுக்கு மனச்சிதைவு நோய், ஆறு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான். திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கித்தான் யாருக்குப் புது முறை, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்று முடிவு பண்ணுவார்களாம். கையெழுத்துப் போடலாமா ஆச்சி?
– ஒரு தாய், திருமயம் பக்கம்

குலுக்குவது என்றதும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும் ஆத்தா. ஆனால் குலுக்காவிட்டால்தான் அநியாயம். குலுக்காமல் விட்டால், சொன்ன பேச்சுக் கேட்கிற, பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே இருக்கிற நோயாளிகளாகப் பார்த்துப் புது முறைக்கு எடுத்துக்கொண்டு, ‘பார், என் முறை ஜெயித்தது’ என்று சொல்லிவிடலாம். குலுக்கினால் அந்தச் சாமர்த்தியம் நடக்காது.

மகனுடைய மாத்திரை நிற்காது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2014இல் வெளிவந்த இப்படி ஓர் ஆய்வில் காஞ்சிபுரம் பக்கத்து நோயாளிகளும் இருந்தார்கள். மொத்தம் 282 பேர். எல்லோருக்கும் மருத்துவமனைச் சிகிச்சை தொடர்ந்தது. ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் கூடுதலாக வீட்டுக்கு வந்து போனார். வீட்டுக்கு வந்து போனதால் கொஞ்சம் நல்லது நடந்தது. கொஞ்சம்தான், அதிசயம் ஒன்றும் இல்லை.

உங்கள் மாவட்டத்துக்கே 2010 முதல் சென்னை ஸ்கார்ஃப் மனநல அமைப்பின் பஸ் வந்திருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து திரையில் டாக்டரோடு பேசி, அங்கேயே மாத்திரை வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. அதுவும் முதலில், ‘இது நடக்குமா’ என்று பார்க்க ஒருவர் பணம் கொடுத்ததால் ஓடிய வண்டிதான்.

கையெழுத்துக்கு முன் சிலதைக் கேளுங்கள். தமிழில் எழுதிய தகவல் தாள் வேண்டும், ஒரு பிரதி உங்களிடம் இருக்கவேண்டும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் அதில் இருக்கவேண்டும். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்கிற சி.டி.ஆர்.ஐ. என்ற மத்தியப் பதிவேட்டின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்று எழுதியிருக்கவேண்டும். மகனுக்குப் புரிகிற நாளாகப் பார்த்து அவனையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

*

கேள்வி: குடியை விடக் கோயிலில் கயிறு கட்டலாம் என்று மாமியார் சொல்கிறார். உங்களுக்கு நம்பிக்கை உண்டா?
– பள்ளத்தூர் வாசகி

எனக்கு இருக்கிறதா என்பதா முக்கியம்? கட்டிக்கொள்கிறவருக்கு இருந்தால் போதும். பயம் கயிற்றில் இல்லை, அன்று இரவே ஒரேயடியாக நிறுத்துவதில் இருக்கிறது. தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதன் பிறகு ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். உயிருக்கே ஆபத்து. முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரையோடு நிறுத்தட்டும், கயிறும் கட்டட்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6இல் சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்தவர்கள் தீயில் கருகினார்கள், 28 உயிர். இப்போது அங்கே தர்காவோடு சேர்ந்தே அரசு மனநல மருத்துவம் நடக்கிறது. பிரார்த்தனையும் நிற்கவில்லை. இரவில் அவசரமாக யாரிடமாவது பேசவேண்டும் என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

*

கேள்வி: மூன்று வருஷம் ஒரு மனநலத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். நிதி முடிந்தது, ஆபீஸைக் காலி செய்துவிட்டார்கள். நோயாளி வீட்டுக்காரர்கள் இன்னமும் எனக்குத்தான் போன் பண்ணுகிறார்கள். நான் என்ன சொல்ல?
– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

உனக்குப் பதில் எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது தங்கச்சி. பணம் கொடுப்பவர்களுக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்கி வைக்கப் பிடிக்கும். நாலாவது வருஷச் சம்பளத்தில் யாருக்கும் கவர்ச்சி கிடையாது. கட்டுரை வந்துவிடும், மாநாட்டில் படம் போட்டுக் காட்டுவார்கள். கல்லலில் இருக்கிற நோயாளிப் பெண்ணுக்கு மட்டும் மாத்திரை எங்கே வாங்குவது என்று தெரியாது.

சரியாகச் செய்யவும் வழி இருக்கிறது. ‘பிரைம்’ என்று ஒரு மனநல ஆராய்ச்சித் திட்டம் 2011இல் தொடங்கியது, பிரிட்டன் அரசின் பணம். எத்தியோப்பியா, இந்தியா, நேபாளம், தென்னாப்பிரிக்கா, உகாண்டா என ஐந்து நாடுகள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்து செஹோர் மாவட்டம். ஒவ்வொரு நாட்டிலும் சுகாதார அமைச்சகத்தை முதல் நாளிலிருந்தே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். நாளைக்கு நடத்தப்போகிறவர் இன்றைக்கே பந்தியில் உட்காரவேண்டும் என்பதுதான் காரணம். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறது. பிரஷர் மாத்திரையோடு வீட்டுப் படி ஏறுகிற அந்தப் பெண்ணே, ‘தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்கு’ என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் என்ன ஆகும்? அவளுக்கு அதற்கு நேரம் இருக்குமா, கூடுதலாக என்ன கொடுக்கவேண்டும்? இதைச் சோதிக்க யாராவது பணம் போட்டால் கைதட்டுவேன்.

நீ இப்போதைக்கு ஒன்று செய். உன்னிடம் இருக்கும் நோயாளிகளை, அவர்கள் சம்மதத்தோடு, மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விடு. என்றைக்கு எந்த ஊரில் முகாம் என்று அவர்களிடம் எழுதி வாங்கி, போன் பண்ணுகிறவர்களுக்குச் சொல். சம்பளமில்லாமல் நீயே சுமந்துகொண்டிருக்காதே.

*

கேள்வி: ஜிம்பாப்வேயில் பாட்டிமார் பெஞ்சில் உட்கார்ந்து மனநல ஆலோசனை தருகிறார்களாமே. நம்ம ஆச்சிகளும் செய்யலாமே?
– கண்டனூர் வாசகர்

உண்மைதான். டாக்டர் டிக்ஸன் சிபாண்டா 2006இல் ஹராரேயில் 14 பாட்டிமாரை வைத்துத் தொடங்கினார். பிறகு 24 மருத்துவ மையங்களில் 573 பேரை வைத்துச் சோதித்தார்கள், 2016இல் முடிவு வெளியானது. பாட்டிமாரிடம் பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. கனடா நாட்டு நிதி.

நம்ம ஆச்சிகள் பேசிவிடுவார்கள், அதில் சந்தேகமே இல்லை. குறுக்கே பேசாமல் கேட்பார்களா, கேட்டதை அடுத்த வீட்டு வளவில் சொல்லாமல் இருப்பார்களா என்பதைத்தான் சோதிக்கவேண்டும். ஹராரே பாட்டிமாருக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன. இங்கே யாராவது செய்து பார்ப்பதானால், பெஞ்சு விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆச்சிகளை வாரம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசப்போகிற மேற்பார்வையாளருக்கு என்ன சம்பளம் என்று முதல் வரியில் எழுதட்டும்.